மணி அடிப்பதற்கு முன்

ஜனவரி 19

அக்கா,

இந்தக் கடிதத்தை நீ பிரிப்பாயோ, அப்படியே அலமாரி மேல் போட்டுவிடுவாயோ தெரியாது. அதனால்தான் அம்மாவுக்கென்று தனித் தாள் ஒன்று உள்ளே வைத்திருக்கிறேன். அதையாவது அவளுக்குப் படித்துக் காட்டிவிடு. பிரிக்காவிட்டால் அதுவும் வெளியே வராது என்பது எழுதும்போதுதான் உறைக்கிறது. போகட்டும்.

நான் கிளம்பிய அன்று நீ அறையை விட்டு வரவே இல்லை. தலைவலி என்று அம்மா சொன்னாள். கதவுக்கு அடியில் உன் கால்நிழல் தெரிந்தது. தலைவலிக்காரி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டா இருப்பாள்? மூன்று வருடம் நீ இதே ஆலையில் இருந்துவிட்டு வந்தாய். நான் போகிறேன் என்றதும் மட்டும் கூடாது என்றாய். ஏன் என்று கேட்டால் இருமினாய். அம்மாவுக்கு ஊசிக் காது தெரியவில்லை, தைக்க வருகிற துணியும் குறைந்துவிட்டது. யாராவது ஒருத்தி போகத்தானே வேண்டும்?

இங்கே என்னை நூற்புக் கூடத்தில் போட்டிருக்கிறார்கள். முப்பத்திரண்டு இயந்திரம், ஒவ்வொன்றிலும் நூல் சுற்றுகிற கதிர்கள் நூற்றுக்கு மேல். முதல் நாள் உள்ளே நுழைந்ததும் என் காது செத்துவிட்டது என்றே நினைத்தேன். மூன்றாம் நாள் அந்தச் சத்தம் சத்தமாகவே இல்லை. தண்ணீருக்குள் இறங்கி நடப்பது போல ஆகிவிட்டது. ஜன்னல்களை ஆணி அடித்து மூடியிருக்கிறார்கள். காற்று பட்டால் இழை அறுமாம். கண்ணாடி வழியாக வருகிற வெளிச்சத்தில் பஞ்சுத் தூசி மிதந்துகொண்டே இருக்கிறது, கீழே விழ மறந்துபோன மாதிரி. அதன் நடுவில் நான் மேலும் கீழும் நடந்து, அறுந்த இழையைப் பிடித்துப் பிடித்து ஒட்டவைக்கிறேன். சாயங்காலம் வெளியே வரும்போது எங்கள் எல்லோர் தலையும் நரைத்திருக்கிறது. பதினைந்து வயதில் நான் கிழவி, அக்கா.

எதிர் இயந்திரத்தில் நிற்பவளைக் கொக்கு என்று கூப்பிடுகிறார்கள். நெட்டையாக இருப்பாள். கால் வலித்தால் ஒற்றைக் காலை மடக்கிக்கொண்டு நிற்பாள், அதனால். இங்கே யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை, பேசினாலும் கேட்காது. உதட்டை மட்டும் அசைப்பார்கள், பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். கொக்குதான் எனக்குச் சொல்லித் தருகிறாள். நேற்று அவள் உன்னைப் பற்றிக் கேட்டாள் என்று நினைக்கிறேன். "உங்க அக்காவுக்கு உடம்பு எப்படி?" என்றாளோ, "உங்க அக்காவுக்கு உப்பு எப்படி?" என்றாளோ, நிச்சயமில்லை. இரண்டுக்கும் பொதுவாகத் தலையாட்டி வைத்தேன்.

உன் தங்கை


பிப்ரவரி 2

உனக்கு,

பிரித்தேன். அம்மாவுக்கு அவள் தாளைப் படித்தேன். நன்றாகத் தூங்குகிறாய் என்றதும் சிரித்தாள், நம்பவில்லை.

தலையை இரண்டாகப் பின்னாதே. ஒற்றைப் பின்னலாகப் போட்டுச் சுருட்டி, துணியால் இறுக்கிக் கட்டு. முன்தலை முடி ஒன்றுகூட வெளியே தொங்கக் கூடாது. மூக்குக்கும் வாய்க்கும் ஈரத்துணி. தாகமில்லாவிட்டாலும் தண்ணீர் குடி. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொள், பொத்தான் போடாமல் விடாதே.

சாப்பாட்டுக்குப் பிறகு இயந்திரத்துக்கு அடியில் தூசி எடுக்கச் சொல்வார்கள். அப்போது பேசாதே. யாராவது கூப்பிட்டாலும் திரும்பாதே. இதை மறந்தாலும் மற்றதை மறக்காதே என்று எழுத வந்தேன். தப்பு. மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே.

கொக்கு இன்னும் இருக்கிறாளா. நல்ல பெண். உடம்பு என்றுதான் கேட்டிருப்பாள்.

வேறு எதுவும் என்னிடம் கேட்காதே.

அக்கா


பிப்ரவரி 23

அக்கா,

நீ பதில் போட்டுவிட்டாய். அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். திட்டாமல் திட்டியிருக்கிறாய், அதுவே வீட்டில் இருப்பது போல இருக்கிறது.

இப்போது என் கைகளுக்கு என் உதவி தேவைப்படுவதில்லை. இழை அறுந்தால் விரல்கள் தாமாகவே போய் ஒட்டிவிட்டு வருகின்றன. நான் அதற்குள் எங்கெங்கோ போய்விட்டு வருகிறேன். சில நேரம் அந்த இரைச்சலுக்குள் அம்மா கூப்பிடுவது கேட்கிறது. கொக்குவிடம் சொன்னேன். அவளுக்கும் கேட்குமாம். அவளுக்கு அம்மாவே இல்லை, ஆனாலும் யாரோ ஒருத்தி கூப்பிடுவாளாம், அவளும் பதில் சொல்லி வைப்பாளாம்.

கொக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டிருக்கிறாள். சத்தமில்லாமல், உதட்டாலேயே. பதினொரு நாளாக ஓடுகிறது. ஆற்றில் துவைத்துக்கொண்டிருக்கிற ஒருத்தியின் நீளமான துணி கை நழுவிப் போய்விடுகிறது. அதைத் தேடி அவள் கரையோடு நடக்கிறாள். வழியில் வருகிற ஒவ்வோர் ஊரிலும் யாரோ அதில் ஒரு துண்டு வெட்டி எடுத்திருக்கிறார்கள். ஓர் ஊரில் அது குழந்தைக்குப் போர்வை, ஓர் ஊரில் படகுக்குப் பாய். கேட்டு வாங்கவும் மனம் வரவில்லை, விட்டுவிட்டுத் திரும்பவும் முடியவில்லை. இதுவரை ஏழு ஊர் ஆகிவிட்டது. மேஸ்திரி எங்கள் வரிசைக்கு வரும்போது கொக்கு உதட்டை மூடிவிடுவாள். அவர் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். நான் "அப்புறம்?" என்று கேட்பேன். ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது கேட்டிருப்பேன். என் உதட்டைப் பார்த்தாலே அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கால்வாய்க் கரையில் நடந்தோம். வெளியே வந்த பிறகும் இரண்டு பேரும் சத்தமில்லாமலேயே பேசிக்கொண்டு போயிருக்கிறோம். எதிரே வந்த பால்காரம்மா பாவப்பட்டு எங்களுக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் பால் கொடுத்துவிட்டாள். ஊமைகள் என்று நினைத்துவிட்டாள் போல. குடித்து முடிக்கும் வரை நாங்களும் வாயைத் திறக்கவில்லை.

நீ ஏன் இங்கே சந்தோஷமாக இருக்கவில்லை, அக்கா? கேட்காதே என்றாய். கேட்டுவிட்டேன்.

உன் தங்கை


மார்ச் 14

அக்கா,

அம்மாவுக்குத் தாள் எதுவும் வைக்கவில்லை. நீயே ஏதாவது சொல்லிக்கொள்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் குனிந்து தூசி எடுத்துக்கொண்டிருந்தோம். எல்லாம் நின்றிருக்கிற அந்தக் கால் மணி நேரம்தான் கூடத்தில் சத்தம் இல்லாத நேரம். காதுக்குள் ஒரே ரீங்காரமாக, பாதித் தூக்கம் போல இருக்கும். கொக்கு மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டிருந்தாள். காலையில் கதை எட்டாவது ஊரின் வாசலில் நின்றுபோயிருந்தது. பழக்க தோஷம், நான் உதட்டை அசைத்து "அப்புறம்?" என்றேன். அவள் என்னைப் பார்த்துத் திரும்பினாள். சிரித்தாள். அந்த நேரம் பார்த்து மேலே, இயந்திரங்களைச் சுற்றவைக்கிற தோல் பட்டை ஓட ஆரம்பித்துவிட்டது. இயந்திரமெல்லாம் ஒன்றாக எழுந்தது. அவள் கத்தியிருப்பாள். எனக்கு வாய் திறந்தது மட்டும்தான் தெரிந்தது.

வலது கை. விரல்கள் இருக்கின்றன, மூடாது என்கிறார் மருத்துவர்.

மேஸ்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கொக்கு வேலை நேரத்தில் கதை பேசுகிறவள், கவனக்குறைவால் தானே காயத்தை வரவழைத்துக்கொண்டாள் என்று ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறார். எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்பதால் நான் முதலில் கையெழுத்துப் போட வேண்டுமாம், மற்றவர்கள் பின்னால் ரேகை வைப்பார்களாம். "உன்னால்தான் திரும்பினாள்னு எனக்குத் தெரியும். உன் பேரை நான் இதுல இழுக்கலை பாரு" என்று மெதுவாகத்தான் சொன்னார். கோபமே இல்லை. பதினைந்து நாள் தவணை கொடுத்திருக்கிறார்.

அவர் சொல்வது பொய்யில்லையே, அக்கா. நான்தானே கேட்டேன். நீ திரும்பாதே என்று எழுதினாய். கூப்பிடாதே என்று எழுதவில்லை.

நான் என்ன செய்யட்டும்?


மார்ச் 21

கண்ணு,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் அனுப்பிவிட வேண்டும்.

நான் இருமல் வந்து வேலையை விட்டேன் என்று உங்களிடம் சொன்னேன். இருமல் இருந்தது. அதற்காக விடவில்லை.

உன் கொக்கு நின்ற அதே வரிசையில், மூன்றாவது ஜன்னலுக்கு நேரே ஒரு பெண் இருந்தாள். குள்ளமாக இருப்பாள். எப்போதும் பாடிக்கொண்டிருப்பாள். கேட்காது, ஆனால் தொண்டை அசைவது தெரியும். ஒருநாள் சாப்பாட்டுக்குப் பிறகு தூசி எடுக்கும்போது, என் பின்னல் அவிழ்ந்திருக்கிறதா பார் என்று கூப்பிட்டேன். அவ்வளவுதான். பார்த்தாள். பட்டை ஓடியது. வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

அந்த ஆள் என்னையும் இப்படித்தான் மெதுவாகக் கூப்பிட்டான். இதே பேச்சு. உன் பெயரை இழுக்கவில்லை பார் என்றான். நான் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் காலை கட்டுப் போட்ட கையோடு அவளை ஊருக்கு அனுப்பினார்கள், அந்தத் தாளின் நகல் ஒன்றையும் கையில் கொடுத்து. போகும்போது என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு ஒன்பது நாள்தான் என்னால் அங்கே நிற்க முடிந்தது.

இப்போது நான் சொல்வதை இரண்டு தடவை படி. சுவரில் கடிகாரம் இருக்கிறதே, அன்றைக்கு அதைப் பார்த்தேன். மணி அடிக்க இன்னும் ஐந்து நிமிடம் பாக்கி இருந்தது. அந்த ஆள் தினமும் அந்த ஐந்து நிமிடத்தைத் திருடுவான். மணி அடித்து, எல்லோரும் கையை எடுத்து நிமிர்ந்த பிறகுதான் ஓடவிட வேண்டும் என்பது விதி. அன்று மணி அடிக்கவில்லை. உங்களுக்கும் அடித்திருக்காது, யோசித்துப் பார். நீ "அப்புறம்" என்று கேட்டதால் பட்டை ஓடவில்லை. ஒருத்தன் ஓடவிட்டதால் ஓடியது. இந்த ஒரு வரி எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆகியிருக்கிறது. உனக்கு அவ்வளவு ஆக வேண்டாம்.

கையெழுத்துப் போடாதே. வேலை போனால் போகட்டும்.

இதை எல்லாம் இன்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "இதுக்குத்தான் ரெண்டு வருஷமா இருமினியா?" என்று கேட்டாள். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "சின்னவளுக்கு முதல்ல எழுது" என்றாள்.

அக்கா


மார்ச் 30

அக்கா,

கொக்கு இன்னும் மருத்துவமனையில்தான் இருக்கிறாள். உன் கடிதத்தை விடுதியில் அவளுடைய காலிக் கட்டிலில் உட்கார்ந்து படித்தேன். இரண்டு தடவை இல்லை, எத்தனை தடவை என்று தெரியாது. மணி அடிக்கவில்லை. நீ சொன்ன பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமையை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அதில் எங்கேயும் மணியே இல்லை.

மறுநாள் காலை எதிரே கொக்கு இடத்தில் புதிதாக ஒருத்தி நின்றாள். அவளிடம் உன் கடிதத்தை உதட்டால் சொன்னேன். சுருக்கவில்லை, நீ எழுதியது எழுதியபடி. அவள் பக்கத்து இயந்திரத்துக்குத் திரும்பினாள். அவள் அடுத்தவளுக்கு. எங்களுக்கு நடுவே மேஸ்திரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார், அக்கா. அவர் இரண்டு பக்கமும் உன் கடிதம் போய்க்கொண்டிருந்தது. முப்பத்திரண்டு வாய்கள். தூசி மிதக்கிறது, இழை அறுகிறது, ஒட்டுகிறது, ஒருத்தி கண்ணைத் துடைக்கிறாள், தூசி விழுந்த மாதிரி. கடைசி வரிசைக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது. பிறகு அது அந்தப் பக்கமாகவே சுற்றி என்னிடமே திரும்பி வந்தது. வரும்போது கொஞ்சம் வளர்ந்திருந்தது. அதில் உனக்கு, எனக்கே தெரியாத ஒரு தம்பியும் இருந்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தாளையும் பேனாவையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எல்லோரும் தூசி எடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் பேனாவைத் தொடவில்லை. "மணி அடிக்கலைங்க" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அவர், என்ன மணி, என்றார். பின் வரிசையில் இருக்கிற, எங்கள் எல்லோருக்கும் மூத்தவள், இருபத்தாறு வயது, "மணி அடிக்கலை" என்றாள். அடுத்தவளும் சொன்னாள். கத்தவில்லை. ஒவ்வொருத்தியாக, பேர் கூப்பிட்டால் இருக்கிறேன் என்று சொல்வது போலச் சொன்னார்கள்.

அவர் கோபமாகப் போய்ப் பட்டையை ஓடவிட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றோம். இழையெல்லாம் அறுந்து அறுந்து பஞ்சு மேலே பறந்தது. கூடம் முழுக்க வெள்ளையாகிவிட்டது. மணி அடிக்கும் வரை யாரும் தொடவில்லை. மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் முதலாளியின் கணக்கர் வந்தார், ஐந்தாம் நாள் தொழிற்சாலை அதிகாரி ஒருவர் வந்தார். நல்ல மனிதராகத் தெரிகிறார், ஆனால் காது மந்தம். எல்லோரும் அவரிடம் உதட்டை நன்றாக அசைத்துப் பேசினோம், பழக்கமாயிற்றே.

உன் கடிதத்தைக் காட்டினேன். கடிதம் போதாது, எழுதியவள் நேரில் வந்து சொல்ல வேண்டும் என்கிறார். ஏப்ரல் 12, காலை பத்து மணி. வரச் சொல்லி உன்னைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. தேதியை மட்டும் எழுதுகிறேன்.

உன் தங்கை


ஏப்ரல் 4

வருகிறேன். பக்கத்து வீட்டம்மா அம்மாவைப் பார்த்துக்கொள்வாள். போட்டுக்கொள்ள அம்மா ஒரு சட்டை தைக்கிறாள், கண் தெரியாமல், தடவித் தடவி. ஒரு கை நீளமாக இருக்கிறது. அதைத்தான் போட்டுக்கொண்டு வருவேன்.

அக்கா


ஏப்ரல் 19

அக்கா,

நீ ரயில் ஏறி ஒரு வாரம் ஆகிறது. அதிகாரி முன்னால் நீ நின்றது இன்னும் கனவு மாதிரிதான் இருக்கிறது. நீ நிறுத்தாமல் பேசினாய். ஒரு தடவைகூட இருமவில்லை.

தீர்ப்பு வந்துவிட்டது. அந்தத் தாள் செல்லாது. கொக்குவை அனுப்பக் கூடாது, துணி எண்ணிக்கை பார்க்கிற அறையில் வேலை கொடுக்க வேண்டும். இடது கையால் எழுதப் பழகுகிறாள். எழுத்தெல்லாம் ஒற்றைக் காலில் நிற்கிறது என்றேன், மையைத் தெளித்துவிட்டாள். அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி நான் ஒருமுறை அவளிடம் பேச்சை எடுத்தேன். "நீ கேட்டே, சரி. நான் பதில் சொன்னேனா? அதுக்குள்ள இது எப்படி உன்னால ஆகும்?" என்றாள். மேஸ்திரியை வேறு ஆலைக்கு மாற்றியிருக்கிறார்கள், வேலையை விட்டு அனுப்பிவிடவில்லை. அது எங்களுக்குக் கசப்புதான். அங்கே இருக்கிற பெண்களுக்கு நாங்கள் எழுதிவிட்டோம்.

நீ கேட்டது கிடைத்தது. விடுதியம்மாவின் பழைய பதிவேட்டில் அந்தக் குள்ளப் பெண்ணின் முகவரி இருந்தது. உன் ஊரிலிருந்து இரண்டு மணி நேர ரயில்தானாம், அக்கா. இவ்வளவு நாளும் அவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறாள். தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

போவாயா?

உன் தங்கை


ஏப்ரல் 28

கண்ணு,

போனேன். நேற்று. எழுதாமல் இன்று எந்த வேலையும் ஓடாது.

தெருமுனைக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒருத்தியிடம் முகவரியைக் காட்டினேன். "பராக்கு வீடா? அதோ, துணி காயுது பாருங்க" என்றாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. வாசலில் நான் தேடி வந்தவளின் அண்ணி இருந்தாள். ஆலையில் கூட வேலை பார்த்தவள் என்றதும் உட்காரச் சொன்னாள். அவளைக் கூப்பிட்டு விட்டு, கண்ணாடி டம்ளரைத் தானே என் கையில் கொடுத்தாள். "அவகிட்ட கொடுத்தா பராக்கு பார்த்துக் கீழ போட்டுடுவா. அங்க அப்படித்தான் விரலையே விட்டுட்டு வந்தா" என்று சிரித்தாள். கெட்டவள் இல்லை. அந்த வீட்டில் அது ஒரு பழைய வேடிக்கைப் பேச்சு, அவ்வளவுதான். அந்தத் தாளை யாரோ ஒருநாள் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறார்கள், அன்றிலிருந்து தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடுகிறது.

அவள் வரக் காணோம், நானே கொல்லைக்குப் போனேன். காயப்போட்ட விரிப்புகளுக்கு நடுவே நின்றாள். வெயில் பட்டுச் சுற்றிலும் ஒரே வெள்ளை. என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டாள். மணி அடிக்கவில்லை என்றேன். அன்றைக்கு மணி அடிப்பதற்கு முன்னாலேயே அந்த ஆள் ஓடவிட்டான், கடிகாரத்தைப் பார்த்தேன், தெரிந்தேதான் பொய்த் தாளில் கையெழுத்துப் போட்டேன் என்றேன்.

கையில் இருந்த ஈரத்துணியை அவள் பிழிந்துகொண்டே இருந்தாள், தண்ணீர் நின்ற பிறகும்.

"அப்ப நான் கவனிக்காம விடலையா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

"நான்தான்னு நினைச்சிட்டிருந்தேன். அன்னிக்கு மணி அடிச்சது, எனக்குத்தான் காதுல விழலைன்னு நினைச்சிட்டிருந்தேன்."

இரண்டு வருடம், கண்ணு. நான் கையெழுத்துப் போட்ட வரியை நான் நம்பவில்லை. அவள் நம்பியிருக்கிறாள்.

மன்னித்துவிடு என்று கேட்டேன். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது. துணியைக் கொடியில் போட்டாள், மூன்று விரலால் நேராக இழுத்துவிட்டாள். பிறகு, "இதை எங்க அண்ணிகிட்ட வந்து சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். அண்ணியின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. அண்ணன் வேலையிலிருந்து வரும் வரை என்னை இருக்க வைத்து, அவரிடமும் சொல்லச் சொன்னாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு அந்தப் பெண் முகம் கழுவி, தலைவாரிக்கொண்டு வந்து, வாருங்கள் என்றாள். பக்கத்து வீடு. அதற்கடுத்த வீடு. குழாயடிப் பெண். ஒவ்வொரு வாசலிலும் என்னை முன்னால் நிறுத்திவிட்டு அவள் பின்னால் நின்றாள். நான் முதலிலிருந்து சொன்னேன். கடிகாரம், ஐந்து நிமிடம், பட்டை, என் கையெழுத்து. ஒரு சொல்லை நான் விட்டால் எடுத்துக் கொடுத்தாள். ரயிலை விட்டுவிட்டேன். வெயில் மஞ்சளாகிவிட்டது. எத்தனையாவது வாசல் என்பதும் மறந்துபோனது.

கடைசியில் தெருக்கோடி மளிகைக் கடை. கடைக்காரர் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "என்ன பராக்கு, யாரைக் கூட்டிட்டு வர்றே?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். பின்னாலிருந்து முன்னால் வந்தாள்.

"அது என் பேர் இல்லைங்க" என்றாள். தன் பெயரைச் சொன்னாள். பிறகு, மணி அடிக்கவில்லை என்று அவளே தொடங்கினாள்.

அக்கா